கடைசிப் பக்கம் வரை அழுக்கான புத்தகம்

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கறையக்கா. மேலாளர் முதல் மூட்டை இறக்குகிறவர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் துணியில், இயந்திரங்கள் தோற்றுப்போய்க் கைவிட்டது மட்டும் அவள் மேசைக்கு வரும். பதினெட்டு வருஷமாக அந்த மேசைதான். ஒரு சட்டைக் காலரை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தாளானால், போட்டிருந்தவர் வெயிலில் அலைகிறவரா, நாற்காலியிலேயே தூங்குகிறவரா என்று சொல்லிவிடுவாள்.

"இவர் தலைக்குச் சாயம் பூசுறவர். வீட்டுக்குத் தெரியாம பூசுறவர்" என்பாள்.

"அது எப்படிக்கா தெரியும்?" என்று கேட்பாள் பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறவள்.

"அவரே ஒளிச்சு வச்சுத் தேய்ச்சிருக்கார் பாரு. வீட்டுக்காரம்மா தேய்ச்சிருந்தா இவ்வளவு மோசமா இருக்காது."

மேசையின் மேல் ஒரு வெள்ளைத் திண்டு, மெல்லிய தூரிகை, நீராவிக் குழாய், ஏழு பாட்டில்கள். பாட்டில்களில் எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். உள்ளே என்ன என்று எழுதியிருக்காது. ஒன்று எண்ணெய்க்கு, இரண்டு மைக்கு, மூன்று வெளுப்பதற்கு. இப்படியே போய், ஏழாம் நம்பர் துருவுக்கு. இரும்புக் கட்டிலோ தண்ணீர்க் குழாயோ உரசிச் செம்மண் நிறத்தில் படிந்த கறைமேல் ஏழாம் நம்பரை ஒரு சொட்டு விட்டு, நாலு நிமிஷம் பொறுத்தால் கறை இருந்த இடம் தெரியாது. மூன்றாம் நம்பரை விட்டால் கறை போகாததோடு, ஒரு பிடி கூடவே பிடித்துக்கொள்ளும். வந்த புதிதில் ஒரு போர்வையை அப்படிக் கெடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஏன் அப்படி? பாட்டில் நிரப்ப வரும் கம்பெனி ஆளிடம் ஒருமுறை கேட்டாள். அவன் குனிந்த தலை நிமிராமல், "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதும்மா. துருவா, ஏழாம் நம்பர். அவ்வளவுதான்" என்றான்.

புரியாது என்றது அவளுக்குச் சுருக்கென்று தைக்கவில்லை. புரிந்துகொள்ள அதில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டதுதான் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அது உட்கார்ந்து மூன்று வருஷம் கழித்து, கூடத்திலேயே ஒரு பரிசோதனை அறை வரப்போகிறது என்று மேலாளர் சொன்னார். தண்ணீர், சோப்பு, சாயம் எல்லாவற்றையும் அங்கேயே சோதிப்பார்கள். இருவர் வேண்டும். ஒருவர் படித்துப் பட்டம் வாங்கினவர், வெளியிலிருந்து வருவார். இன்னொருவர் கூடத்து ஆளாக இருக்கலாம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் தேறியிருக்க வேண்டும்.

"நான் பன்னிரண்டு முடிச்சிருக்கேன் சார். ஆனா கணக்குப் பதிவு எடுத்துப் படிச்சேன்" என்றாள்.

"அந்த ஒரு பாடத்தைத் தனியா எழுதலாமேம்மா. எட்டு மாசத்துல பரீட்சை வருது. அதுவரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

எட்டு மாதம். காலையில், பேருந்து ஓட்டும் கணவர் முதல் நடைக்குக் கிளம்பிப் போன பிறகு ஒரு மணி நேரம். மதியம் சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம். நாற்பத்திரண்டு வயதில் அவளிடம் மிச்சம் இருந்த நேரம் அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஆகவே புத்தகம்தான் ஆசிரியர். தப்பான ஆசிரியரிடம் மாட்டிக்கொண்டால் எட்டு மாதமும் தண்ணீரில் போட்ட சோப்புதான்.

முதலில் மாட்டிக்கொண்டது, கல்லூரியில் வணிகம் படிக்கும் மகள் வாங்கிவந்த வினா விடைப் புத்தகத்திடம். நாற்பது கேள்வி, நாற்பது பதில். ஒரு மாதம் நெட்டுருப் போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். அவள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"மோலாரிட்டின்னா என்ன?"

"ஒரு லிட்டர் கரைசலில் கரைந்துள்ள கரைபொருளின் மோல்களின் எண்ணிக்கை."

"அப்படியே இருக்கு. சரி, மோலாரிட்டின்னா என்ன?"

"அதான் சொன்னேனே."

"சொன்னே. என்னன்னு சொல்லு."

அவள் அதே வரியை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மகள் அடக்க முடியாமல் சிரித்தாள். "அப்பா, அம்மா ஒரு ஸ்டாப்பும் விடாம அறிவிச்சுட்டாங்க. ஆனா பஸ் டிப்போவை விட்டே கிளம்பலை."

அந்தப் புத்தகத்தை மூடினாள். அடுத்து, இஸ்திரிக்காரியின் மைத்துனர் படித்தது என்று ஒரு தடிப் புத்தகம் வந்தது. ஆயிரத்து இருநூறு பக்கம், வழவழவென்ற தாள், வண்ணப்படம். ஒரு மாதத்தில் பதினாறு பக்கம் போனாள். ஒவ்வொரு வரியும், "உனக்குத்தான் இது முன்பே தெரியுமே" என்ற பாவனையில் பேசியது. அவளுக்கு முன்பு எதுவும் தெரியாது. தையல் இயந்திரத்தின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. புத்தகம் அதன் கீழே போயிற்று. இரண்டு மாதம் ஓடிவிட்டது.

மூன்றாவது முறை அவள் யாரையும் கேட்கவில்லை. வார விடுமுறையன்று பழைய புத்தகக் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போய், ஒடுக்கமான ஒரு கடைக்குள் நுழைந்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த கடைக்காரர், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் என்றதும் யோசிக்காமல் ஒரு புத்தகத்தை உருவினார். "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

"எல்லாத்தையும் எடுங்கண்ணே."

"எல்லாத்தையுமா? பதினோரு தினுசு இருக்கும்மா."

"எடுங்க. ஒரு ஸ்டூலும் குடுங்க. வெளிச்சம் எந்தப் பக்கம்?"

வாசலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறக்கவில்லை. மூடியபடியே எடுத்து, தாள்களின் விளிம்பை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள், காலரைப் பிடிப்பதுபோல. விளிம்பில் கால்வாசிக்கு ஒரு சாம்பல் பட்டை. அதற்குப் பிறகு வெள்ளை.

"இதைப் படிச்சவன் எழுபதாம் பக்கத்தோட நின்னுட்டான்" என்று ஓரமாக வைத்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விரல் அழுக்கு. இந்தா, இதுவும் பாதியில நின்னதுதான். இது முப்பதாம் பக்கம், பாவம்." அடுத்ததைத் திருப்பினாள். "இது முன்னாடி சுத்தம், கடைசியில மட்டும் கறுப்பு."

கடைக்காரர் பிரித்துப் பார்த்தார். கடைசியில் இருந்தவை விடைகள். அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். ஸ்டூல் இல்லாததால் ஒரு புத்தகக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பத்துப் புத்தகம் கழிந்தது. பதினோராவது அட்டையே இல்லாதது. முன்பக்கங்கள் கிழிந்துபோய், நேரே பாடத்திலேயே தொடங்கியது. விளிம்பைப் பார்த்தவள் மறுபடியும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒரே சீரான அழுக்கு. நடுவில் ஓரிடத்தில் மட்டும் பட்டை இன்னும் கறுப்பாக இருந்தது. அங்கே பிரித்தாள். வேதிச் சமநிலை என்று ஒரு பாடம். மூலையெல்லாம் துவண்டு, துணிபோல ஆகியிருந்தது.

"படிச்ச புள்ள இங்க வந்து தடுமாறியிருக்கு. ஆனா விட்டுட்டுப் போகலை. திரும்பத் திரும்ப வந்திருக்கு" என்றாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தாளின் நடுவே வட்டமாகச் சில தடங்கள். "அழுதிருக்குமோ?"

"வேர்வைண்ணே. கண்ணீர்னா எண்ணெய்ப்பசை இருக்காது." மெல்லப் புரட்டினாள். "பத்துப் பேருக்குப் பாதி வழியில முடியலை. இந்தப் புத்தகம் ஒரு ஆளைக் கடைசி வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கு. எனக்கு இதுதான்."

"இருபது வருஷமா கடை வச்சிருக்கேன். ஒருத்தராவது இப்படிப் புத்தகம் வாங்கிப் பார்த்ததில்லம்மா" என்றார் அவர். அவர் அதைச் சொன்ன விதத்தில் வணக்கம் போடாத குறைதான்.

அழுக்கு பொய் சொல்லவில்லை. அந்தப் புத்தகம் பேசத் தெரிந்த புத்தகமாக இருந்தது. ஒன்றைச் சொல்லும், பிறகு "இப்போது உன் வீட்டிலேயே பார்" என்று சமையலறைக்குத் துரத்தும். மோல் பாடம் வந்த அன்று காலை அவள் இருமல் மருந்து மூடியால் பதினெட்டு மில்லி தண்ணீர் அளந்தாள். இரண்டு மூடிக்குக் கொஞ்சம் குறைவு. அதைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி எதிரே வைத்துக்கொண்டாள். அதற்குள் இருக்கும் நீர்த் துகள்களை, உலகத்தில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து விநாடிக்கு ஒன்றாக எண்ணினாலும் இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று புத்தகம் சொன்னது. அவள் தம்ளரின் அடியைப் பார்த்தாள். ஒரு வாய்க்குக்கூடப் போதாத தண்ணீர். அதைக் கொட்ட மனம் வராமல் அப்படியே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். முதல் நடை முடிந்து வந்த கணவர் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"மேசைமேல தண்ணி இருக்கே, எதுக்கு?"

விவரம் சொன்னாள்.

"சரி. எண்ணி முடிச்சாச்சுன்னா குடிச்சிடவா?"

"குடிங்க, குடிங்க. எண்ணினவங்க யாரும் கேட்டு வரமாட்டாங்க."

நாள்தோறும் ஏதாவது ஒன்று இப்படி மிரள வைத்தது. சோப்பின் துகளுக்கு இரண்டு முனை. ஒன்று தண்ணீரோடு சேரும், மற்றது எண்ணெயோடு சேரும். நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடுவதுதான் அதன் பிழைப்பு என்று படித்த மதியம், சாப்பாட்டுக்கூடத்தில் தனியாகச் சிரித்தாள். "என்னக்கா?" என்று கேட்ட இஸ்திரிக்காரியிடம், "சோப்பும் நம்ம மாதிரிதாண்டி, பொறந்த வீடு ஒரு பக்கம், புகுந்த வீடு ஒரு பக்கம்" என்றாள். இரும்பு துருப்பிடிப்பதே எலக்ட்ரானை இழப்பதால்தான், வெளுப்பானின் தொழிலும் எலக்ட்ரானைப் பிடுங்குவதுதான் என்று படித்தபோது, மூன்றாம் நம்பர் கெடுத்த பழைய போர்வை நினைவுக்கு வந்தது. திருடன் சுருட்டிக்கொண்டு போன வீட்டுக்குக் காவலுக்கென்று இன்னொரு திருடனை அனுப்பியிருக்கிறாள்! வாங்கின திட்டு நியாயமானதுதான் என்று பதினெட்டு வருஷம் கழித்து ஒப்புக்கொண்டாள். ஏழாம் நம்பர் மட்டும் இன்னும் எந்தப் பக்கத்திலும் தட்டுப்படவில்லை.

வேதிச் சமநிலையில் அவளும் தடுமாறினாள். முன்பு தடுமாறிய விரல்களின் அழுக்கு மேலேயே தன் விரலையும் வைத்து, நான்கு முறை திரும்பி வந்தாள். இடையே மகள் ஒருமுறை சொன்னாள். "அம்மா, பாடத்திட்டம் இணையத்துல இருக்கு. உன் புத்தகத்தோட ஒத்துப் பார்த்துடலாமா?"

"ஏற்கெனவே ஒருதரம் நீ வாங்கிக் குடுத்ததைப் படிச்சுப் பார்த்தாச்சு. இந்தப் புத்தகத்தை நான் தேர்ந்தெடுத்தேன். முடிச்சுட்டுப் பேசறேன்."

மூன்றரை மாதத்தில் முடித்தாள். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை, எல்லோரும் வீட்டில் இருந்த ஞாயிறு காலையில், வேண்டுமென்றே சத்தமாகப் படித்தாள். "இவ்வினைகளில் உலோகங்களின் பங்கினை இரண்டாம் பாகத்தில் விரிவாகக் காண்போம்."

"இரண்டாம் பாகமா?" என்றாள் மகள். பாடத்திட்டத்தை எடுத்துவந்தாள். பதினைந்து பாடம். புத்தகத்தில் இருந்தது எட்டு. அட்டை இல்லை, பொருளடக்கம் இல்லை. ஒவ்வொரு தாளின் அழுக்கையும் அளந்தவள், இது முழுப் புத்தகமா என்று மட்டும் பார்க்கவில்லை. கடைசிப் பக்கம் வரை கறை இருந்தது உண்மைதான். கடைசிப் பக்கம்தான் கடைசி இல்லை.

"பரவாயில்ல. டெர்மினஸ்னு நினைச்சு இறங்கிட்டே. அது பாதி வழி" என்றார் கணவர்.

"இப்ப ஜோக்கு ஒண்ணுதான் குறைச்சல். ரெண்டரை மாசம்தான் இருக்கு."

"ஜோக்கு இல்லம்மா. பாதி வழி வந்தாச்சுன்னுதான் சொல்றேன். டிப்போவுல நிக்கலையே."

அன்றைக்கே கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளைக் கண்டதும் ஸ்டூலை எடுத்து வெளிச்சத்தில் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஏண்ணே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க பேசினதைக் கேட்டு நானே வாயடைச்சுல்ல இருந்தேன். அட்டையை யாரு பார்த்தா?" உள்ளே போய்த் துழாவி, மூன்று புத்தகங்களோடு வந்தார். "இரண்டாம் பாகம் மூணு தினுசு இருக்கு. அந்தப் புத்தகத்தோட ஜோடி இல்ல. ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தர் எழுதினது. உங்க வழியிலேயே பாருங்க."

விளிம்பைச் சாய்த்துப் பார்த்தாள். வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை, அதில் சில தாள்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒட்டிக்கூடக் கிடந்தன.

"முதல் பாகத்திலேயே எல்லாருக்கும் மூச்சு முட்டிடும்மா. இதை வாங்கிக்கிட்டுப் போவாங்க, அப்படியே திருப்பிக் கொண்டுவருவாங்க" என்றார்.

அவள் கை மடியில் விழுந்தது. பதினெட்டு வருஷத்தில் மேசைக்கு வந்த எதுவும் இப்படிச் சுத்தமாக வந்ததில்லை. கறை இருந்தால் அவளுக்குத் தெரியும். கறையே இல்லாத ஒன்றை என்னவென்று பார்ப்பது? முன்னால் போனவர்களின் தடமே இல்லை. இந்த முறையும் தப்பினால் மறுபடி தேட நாள் இல்லை. வெளியிலிருந்து யாரோ வருவார், அவள் எண் ஒட்டிய பாட்டில்களோடு இருந்துவிட வேண்டியதுதான்.

ஸ்டூலை இன்னும் வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொண்டாள். பிறகு முதல் புத்தகத்தைப் பிரித்தாள். துருவைத் தேடினாள். இரும்பு வந்த இடத்தில் பத்துப் பெயர்களின் பட்டியல் இருந்தது, கீழே, "மனப்பாடம் செய்க." மூடினாள். இரண்டாவதில் கட்டம் கட்டமாக அட்டவணை, காரணம் இல்லை. அதை மூடும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. காரணம் இல்லை என்று கண்டுபிடித்தது அவள்தான். நாலு மாதத்துக்கு முன்பு இதே பக்கத்தைக் காட்டியிருந்தால், நல்லதா கெட்டதா என்று சொல்லியிருக்க முடியாது. தன்மேல்தான் குறை என்று தையல் இயந்திரத்துக்கு அடியில் வைத்திருப்பாள்.

மூன்றாவதில் ஒட்டியிருந்த தாள்களை நகத்தால் பிரித்தாள். இரும்பு அணு ஒன்றின் படம். அதைச் சுற்றி மூன்று துகள்கள். ஒவ்வொன்றும் நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் இரும்பைக் கவ்விக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்ததை மெதுவாக, உதடு அசையப் படித்தாள். ஆக்சாலிக் அமிலத்திலிருந்து வரும் துகள் இரும்பை இப்படி இரு கையால் பற்றும். மூன்று சேர்ந்தால் ஆறு கை. அத்தனை கை பிடித்த இரும்பால் துணியில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது, தண்ணீரோடு கிளம்பிவிடும். துருக்கறையை அகற்ற இது பயன்படுகிறது. இவ்வாறு உண்டாகும் கரைசல் இளம்பச்சை நிறமுடையது.

பச்சை.

அவள் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தாள். துரு போன பிறகு அடியிலிருக்கும் வெள்ளைத் திண்டில், பார்த்ததும் மறைகிற மாதிரி ஓர் இளம்பச்சை ஈரம் தெரியும். பதினெட்டு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். சிவப்புக் கறையிலிருந்து பச்சை எப்படி வரும், விளக்கின் கோளாறு என்று நினைத்து யாரிடமும் சொன்னதில்லை. அவளைப் பார்த்தே இராத யாரோ, எங்கேயோ உட்கார்ந்து, அவள் மேசையின் பச்சையை அச்சில் போட்டு வைத்திருக்கிறார். ஒருவரும் பிரிக்காத தாளில் அது இத்தனை நாளும் மூடிக் கிடந்திருக்கிறது.

ஏழாம் நம்பர் பாட்டிலை எத்தனை ஆயிரம் முறை சாய்த்திருப்பாள்! ஒவ்வொரு சொட்டிலும் கோடிகோடியாகக் கைகள் இறங்கி, ஒவ்வோர் அணுவாகத் தேடிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கின்றன. அவள் பார்த்தது வெறும் நாலு நிமிஷம்.

"என்னம்மா, ஏதாவது கறை தெரியுதா?" என்றார் கடைக்காரர், பயந்த குரலில்.

"இல்லண்ணே. சுத்தமா இருக்கு. இதையே குடுத்துடுங்க." எழுந்தவள் நின்றாள். "இருங்க. இது முழுசா இருக்கான்னு முதல்ல பார்த்துடறேன்."

அட்டையைப் பார்த்தாள். பொருளடக்கத்தைப் பாடத்திட்டத்தோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியையும் படித்தாள். முற்றும் என்று போட்டிருந்தது.

இரண்டரை மாதம் போதவில்லை. கடைசி இரண்டு பாடத்தை ஓட்டமாகத்தான் பார்த்தாள். செய்முறைத் தேர்வில் கண்ணாடிக் குழாய் ஒன்றை உடைத்தாள். நூற்றுக்கு அறுபத்து மூன்று. மகள் இணையத்தில் பார்த்துச் சொன்னபோது, "அப்ப முப்பத்தேழு தெரியலை" என்றாள். மேலாளர் சொன்னபடி இடத்தைப் பிடித்து வைத்திருந்தார்.

இப்போது அவள் பரிசோதனை அறையில் இருக்கிறாள். ஏழு பாட்டில்களிலும் எண்ணுக்குக் கீழே பெயர் எழுதி ஒட்டியது அவள்தான். அந்த வெள்ளைப் புத்தகத்தின் விளிம்பு இப்போது ஒரே சீராகச் சாம்பல் நிறம்.

போன வாரம் கணவர் பரிசோதனை அறைக்கே சீருடைச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். பேருந்து இருக்கையின் ஆணி முதுகில் செம்மண் கோடு போட்டிருந்தது. "ரெண்டாவது நடைக்குப் போகணும். ஏழாம் நம்பர் இருந்தா ஒரு சொட்டு விட்டுக் குடேன்."

விட்டாள். அடியில் வெள்ளைத் துணியை வைத்து, குனிந்து, பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அதான் விட்டாச்சே. இன்னும் என்ன பார்க்கறே?"

"இங்க வாங்க. சத்தம் போடாம பாருங்க. இப்ப பிடிச்சுக்கிட்டிருக்கும்."

"எது?"

"அதான், கை."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பக்கத்தில் குனிந்தார். இரண்டு பேரும் தலை முட்டிக்கொள்ள ஒரு சட்டையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கோடு மங்கி, மங்கி, அடித்துணியில் இளம்பச்சையாக ஒரு ஈரம் தெரிந்தது.

"ஏய், பச்சை!" என்றார் அவர்.

அன்று இரண்டாவது நடை ஆறு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது.